பீலியடியில் நாலு நிமிஷம்

நான் ஓய்வுபெற்ற பிறகு தோட்டத்து ஆபீசிலிருந்து வரும் டெலிபோன்கள் இரண்டே வகை. ஒன்று, "அந்தச் சாவிய எங்க வச்சீங்க சேர்?" மற்றது மரண அறிவித்தல். போன மாதம் மூன்றாவது வகையாக ஒன்று வந்தது. இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தர்ஷினி பேசினாள்.

"சேர், லொறிகளுக்குப் புதுப் பெட்டி பூட்டுறாங்க. ட்ரைவர் கண்ண மூடுனாக்கூட காட்டிக் குடுக்குமாம். இது சொல்றத அப்படியே நம்பலாமா?"

"நான் சொல்றத நம்புவியா?"

"அதையும் யோசிக்கணும் சேர்."

தேறிவிடுவாள் என்று தோன்றியது. டெலிபோனில் சொல்ல வெட்கமாக இருந்ததை நம் ஊழியர் மலரில் எழுதுகிறேன். நேரில் சொல்ல வெட்கப்படுவதை அச்சில் போடக் கூசாதவர்கள்தானே எழுதுகிறவர்கள்.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் போக்குவரத்துக் கிளாக்கராக இருந்தேன். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிகள், அவற்றின் சாரதிகள், டயர், டீசல், எல்லாம் என் பொறுப்பு. முதல் மூன்று வருஷத்தில் நான் கற்ற பாடம் ஒன்றுதான்: யார் சொல்வதும் முழுதாக உண்மையில்லை. டீசல் டாங்கிக்குள் குச்சி விட்டு அளவு பார்ப்பேன். பிறகு அந்தக் குச்சியிலேயே சந்தேகம் வந்து வேறொரு குச்சி விட்டுப் பார்ப்பேன். வீட்டில் மனைவி தலைவலி என்றால், "எத்தன மணியிலருந்து?" என்று கேட்கிற ஆள். மீதி இருபத்தெட்டு வருஷத்தில் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. அதுதான் இந்தக் கதை.

பழைய பெட்டி வந்தது ஆறேழு வருஷத்துக்கு முன். கறுப்பு நிறம், சவர்க்காரக் கட்டி அளவு. அதற்கு மூன்று வேலை. முப்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் கீச்சிடும். நாங்கள் குறித்துக் கொடுத்த அபாய வளைவு நெருங்கினால், மெதுவாகப் போகும்படி ஒரு பெண்குரல் இங்கிலீஷில் சொல்லும். அனுமதியில்லாத இடத்தில் மூன்று நிமிஷத்துக்கு மேல் லொறி நின்றால் சாரதிக்கு ஒன்றும் சொல்லாது. நேரே எனக்குச் சொல்லிவிடும். மறுநாள் காலை ரிப்போர்ட்டில் "சந்தேகத்துக்குரிய நிறுத்தம்" என்று வரும். பக்கத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம். அதை நிரப்புவது நான்.

சாரதிகள் அந்தக் குரலுக்கு, சிங்களத்தில் சீமாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி, நோனா என்று பெயர் வைத்தார்கள். "நோனா மூஞ்சிக்கு நேரா கத்திட்டு விட்டுர்றா. கிளாக்கரையா மாதிரி மனசுல வச்சுக்க மாட்டா" என்று பேசிக்கொண்டார்கள். என் காதில் விழவேண்டும் என்றுதான் பேசினார்கள்.

வானத்திலிருந்து செய்மதி, அதாவது செயற்கைக்கோள், தங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று அவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. ஒருவர் கெபினுக்கு மேலே தறப்பாள்கூடக் கட்டினார். எனக்கும் அதே எண்ணம்தான். என் விஷயத்தில் அது பயமில்லை, சந்தோஷம். பெட்டி பூட்ட வந்த கொழும்புக்காரர்தான் இரண்டு பக்கத்தையும் ஏமாற்றமடைய வைத்தார். செய்மதி யாரையும் பார்ப்பதில்லையாம். அது கடிகாரம் கட்டிய ஒரு வானொலி. "நான் இன்னார், இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன், நேரம் இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கேட்பது யாரென்று அதற்குத் தெரியாது. காது கொடுப்பது பெட்டிதான். சேதி புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் செய்மதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கும்.

நம் ஊர் வழக்கில் இப்படிச் சொல்லலாம். மூன்று பக்டரிகள் சரியாக ஆறு மணிக்குச் சங்கு ஊதுகின்றன. ஒரு சங்கின் சத்தம் மூன்று செக்கன் பிந்தி வந்தால் அந்தப் பக்டரி ஒரு கிலோமீற்றர் தள்ளி. ஆறு செக்கன் என்றால் இரண்டு கிலோமீற்றர். மூன்று சங்கும் கேட்டால், கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மலையில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன், என் கைக்கடிகாரம் சரியாக இருந்தால். என் கைக்கடிகாரம் சரியில்லை. பெட்டியின் கடிகாரமும் மலிவானதுதான். அந்தப் பிழையைக் கழிக்க நாலாவது சங்கு வேண்டும். ஆகவே குறைந்தது நாலு செய்மதி.

"மலைப்பக்கம் கவனமா இருங்க" என்றார் அவர் போகும்போது. பள்ளத்தில் பாதி வானம் மறைந்திருக்கும். சேதி நேரே வராமல் பாறையில் மோதி எதிரொலியாக வரும். சுற்றி வந்த தாமதத்தைத் தூரம் என்று எண்ணிப் பெட்டி தன்னைத் தப்பான இடத்தில் நிறுத்திக்கொள்ளும். இதை நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எழுதிய பிறகு நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை என்பது கிளாக்கர்மாரின் நம்பிக்கை.

அந்த நாளில் எங்களுக்குத் தோட்ட மனேஜராக இருந்த பெரிய துரையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. விசாரணைக்கு வந்தவரை உட்காரச் சொல்வார். கையில் ஏதாவது ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நிதானமாக வாசிப்பார். பிறகு நிமிர்ந்து, "வேற?" என்பார். வந்தவர் ஏதாவது சொல்வார். "ஹரி. வேற?" என்பார். ஹரி என்றால் சிங்களத்தில் சரி. மூன்றாவது வேறவில் எவரும் உடைந்துவிடுவார்கள். லீவு கேட்கப் போன ஒரு கணக்கப்பிள்ளை, நாலு வேறவுக்குப் பிறகு, எப்போதோ வெட்டி விற்ற பலாமரத்தை ஒப்புக்கொண்டு அழுதுகொண்டு வெளியே வந்தார். லீவு கிடைத்ததா என்று கேட்டோம். கேட்கவே மறந்துவிட்டாராம்.

இனி ஜெயபால். பதினெட்டு வருஷம் எங்கள் சாரதி. மனைவி கொழுந்து பறிக்கிறவர். மகள் அந்த வருஷம் உயர்தரப் பரீட்சை எழுத இருந்தாள். குடும்பம் இருந்தது ட்ரைவர் குவாட்டர்ஸில். வேலை போனால் வீடும் போகும்.

ஒரு கிழமை முழுக்க ரிப்போர்ட்டில் அவன் லொறி வந்தது. கொழுந்து ஏற்றி இறங்கும் மாலை நடையில், மூன்றே முக்காலுக்கு, நாலு நிமிஷம் நிறுத்தம். இடம்: கீழ் ரோட்டில் ராசிக் நானாவின் கொழுந்துச் சாவடி. நானா சிறுதோட்டக்காரரிடம் கொழுந்து வாங்கித் தனியார் பக்டரிக்கு அனுப்புகிறவர். எங்கள் கொழுந்தோடு எங்கள் லொறி அங்கே நின்றால், விற்கிறான் என்பதைத் தவிர என்ன அர்த்தம்? கோழிக்கூட்டில் புகுந்த நரி தூங்கத்தான் போனது என்று யார் நம்புவார்? மலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்து நிறைக்கும் பக்டரி நிறைக்கும் எப்போதும் சில கிலோ வித்தியாசம் இருக்கும். அதுவரை "இலை வாடியது" என்று எழுதி வந்தேன். இப்போது பழைய தாள்களை எடுத்துப் பார்த்தால் வாடிய இலை ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துச் சிரித்தது. காரணக் கட்டத்தில் "கொழுந்துத் திருட்டு?" என்று எழுதினேன். கேள்விக்குறி போட்டது என் பெருந்தன்மை.

துரை ஜெயபாலைக் கூப்பிட்டார். ஓரத்தில் நான்.

"கீழ் ரோட்டுக்கு எதுக்குப் போறது?"

"போறதில்லீங்க தொர."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

"ஹரி. வேற?"

"இல்லீங்க."

ஐந்தாவது வேற வரை போனது. அந்த அறையில் ஐந்து வேற தாங்கிய மனிதனை நான் அதுவரை கண்டதில்லை. குற்றமில்லாதவன்கூட ஏதாவது சொல்லியிருப்பான். இவன் கைதேர்ந்த கள்வன் என்று முடிவு கட்டினேன்.

அவன் போன பின் துரை சொன்னார்: "கிளாக்கர், வியாழக்கிழமை கடிதம் குடுப்போம். அதுக்கு முந்தி நீங்க கண்ணால பாத்துட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு நானாவின் சாவடியில் போய் இறங்கினேன். ஒரு தராசு, நாலு சாக்கு, ஒரு பெஞ்சு, பெரிய பெயர்ப்பலகை.

"வாங்க கிளாக்கர்" என்றார் நானா. "களவு புடிக்க வந்தீங்களா, டீ குடிக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான் நானா."

"அப்ப டீய முதல்ல குடிங்க. களவு ஆறாது."

"எங்க லொறி இங்க நிக்குதாமே?"

"உங்கட லொறிய நான் இந்த ரோட்டுல கண்டதே இல்ல. களவுக் கொழுந்து வாங்குறவன் பட்டப்பகல்ல, பலகையும் போட்டுக்கிட்டு, பஸ் போற ரோட்டுலயா வாங்குவான்? என்ட புத்திய இவ்வளவு குறைச்சு மதிக்காதீங்க."

கள்வனும் இப்படித்தான் பேசுவான்; யோக்கியனும் இப்படித்தான் பேசுவான். இரண்டையும் பிரித்தறியும் வித்தை எனக்கு இந்த வயது வரை பிடிபடவில்லை. டீயைக் குடித்துவிட்டு, லொறி எங்கே வருகிறது என்று காட்டும் போனைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

சிவப்புப் புள்ளி மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் முன், ஒரு துள்ளுத் துள்ளிக் கீழ் ரோட்டில் வந்து குந்தியது. எழுந்து வெளியே ஓடினேன். ரோட்டில் ஒரு ஆடு நின்றது. போனைப் பார்த்தேன்: லொறி சாவடிக்கு நேர் முன்னால். ரோட்டைப் பார்த்தேன்: ஆடு. நாலடி நடந்து அந்த இடத்திலேயே போய் நின்றேன். போன் சொன்னபடி பார்த்தால் ஐந்து தொன் லொறி என் மேல் நின்றுகொண்டிருந்தது.

நானா வாசலுக்கு வந்தார். "புடிச்சிட்டீங்களா?"

அப்போது தலைக்கு மேலே, பாறைக்கு அந்தப் பக்கம், டீசல் எஞ்சின் சத்தம் கேட்டது. வாளி ஒன்று கல்லில் உரசியது. சுடுசட்டியில் தண்ணீர் விழுந்தாற்போல ஒரு சீறல்.

தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதை இருந்தது. ஏறினேன். காலில் ஏறிய இரண்டு அட்டைகளையும் கூட்டிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தால், அது எங்கள் தோட்டத்து ரோடு. பாறையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் பீலியடி. லொறி நின்றது. ஜெயபால் வாளியில் தண்ணீர் பிடித்துப் பின் சக்கரத்துக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆவி பறந்தது. ரப்பர் கருகிய மாதிரி ஒரு நாற்றம்.

"என்னா ஜெயபாலு இது?"

அவன் திரும்பவில்லை. "தண்ணிங்க."

"ரிப்போர்ட்டுல நீ நானா கடையில நிக்கிற."

"அப்ப அங்க போயி என்னயப் பாத்துப் பேசுங்க. இங்க எதுக்கு மூச்சு வாங்க ஏறி வந்தீங்க?"

அண்ணாந்து பார்த்தேன். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் சவுக்கு மரங்கள். நடுவில் ஒரு துண்டு வானம், வேட்டிக் கரை அகலத்துக்கு. கொப்பியில் எழுதிவைத்த எதிரொலி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"இத ஏன் தொரைகிட்ட சொல்லல?"

வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தான். "சூடான பிரேக் ட்ரம்முல தண்ணி ஊத்துனா வெடிச்சுப் போகும், ஊத்துறவன் சீட்டு கிழியும்னு செவுத்துல நோட்டீஸ் ஒட்டுனது நீங்கதானுங்க. கொழுந்து வித்தேன்னாலும் சீட்டு கிழியும். ரெண்டுல ஒண்ணு நான் செஞ்சது, ஒண்ணு செய்யாதது. செய்யாததுக்குப் போனா மனசுக்காவது ஆறுதலா இருக்கும்னு பேசாம இருந்தேன்."

"பிரேக் ஏன் இப்பிடி சூடாகுது?"

"தேஞ்சு போச்சுங்க. பாரத்தோட எறங்கும்போது இந்த எடத்துக்கு வரயில பெடல் பாதி உள்ள போகுது. ஆற வைக்காம அடுத்த வளைவுக்குப் போனா, நேரா நானா கடைக் கூரையிலதான் எறங்குவேன். அப்ப ஒங்க ரிப்போர்ட்டு சரியாப் போயிரும்." பிறகு, "பழுதுப் புத்தகத்துல மூணு தரம் எழுதுனேன்" என்றான். "வாசிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

நான் இறங்கி வந்தேன். ஆபீசில் முதலில் வரைபடத்தைத் திறந்தேன். பஸ் போகும் கீழ் ரோடு மஞ்சள் கோடாக இருந்தது. என் பாட்டன் காலத்திலிருந்து கொழுந்து இறங்குகிற எங்கள் ரோடு அதில் கிடையாது. பச்சை நிறம் மட்டும்தான். தடுமாறி வரும் புள்ளி எந்த ரோட்டில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், பக்கத்தில் தெரிகிற ரோட்டில் அதை இழுத்து ஒட்டிவிடுமாம் அந்த மென்பொருள். பீலியடியிலிருந்து கீழ் ரோடு மட்டத்தில் ஆழமே தவிர, மேலிருந்து பார்த்தால் கல்லெறி தூரம்கூட இல்லை.

பிறகு சாரதிகள் பழுது எழுதும் புத்தகத்தை எடுத்தேன். மூன்று இடத்தில் ஜெயபாலின் கோணல் எழுத்து: "பின் பிரேக் பிடி இல்லை. பார்க்கவும்." மூன்றுக்கும் பக்கத்தில் "பார்த்தேன்" என்று என் கையெழுத்து. வொர்க்ஷொப்புக்குச் சீட்டு ஒன்றுகூடப் போகவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை அவன் எழுதியது மூன்று மாதத்துக்கு முன், எங்கள் தோட்டத்துத் தேருக்கு முதல் நாள். திருவிழா வந்தால் லொறிகளுக்குத் திடீரென்று நோய் வரும் என்பது என் அனுபவ ஞானம். நடைக்குப் போகாமலிருக்கத் தந்திரம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு தடவையும், தந்திரத்தை உண்மையாக்க எழுதுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். பெட்டிக்குக் குறைந்தபட்சம் நாலு சாட்சி வேண்டும். எனக்கு ஒரு தேர் போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை. மேசை மேல் ஜெயபாலின் வேலைநீக்கக் கடிதம், கையெழுத்துப் போடாமல். வெளியே பெஞ்சில் அவன். நான் ஒரு திட்டத்தோடு போயிருந்தேன்: செய்மதியை மட்டும் மாட்டிவிடுவது. சங்கு, எதிரொலி, நாலாவது செய்மதி, வரைபடத்தில் இல்லாத ரோடு, எல்லாவற்றையும் துரைக்கு விளக்கினேன். அவ்வளவு தெளிவாக நான் வாழ்க்கையில் பேசியதில்லை. லொறி கீழ் ரோட்டுக்குப் போகவே இல்லை, பெட்டிதான் பிழை என்று முடித்தேன்.

துரை தலையாட்டினார். "ஹரி. பெட்டி பிழை. வேற?"

"அவ்வளவுதான் சேர்."

"மேல் ரோட்டுல நாலு நிமிஷம் எதுக்கு நிக்கிறது?"

"தண்ணி... முகம் கழுவ சேர்."

"ஒவ்வொரு நாளும். கொழுந்து பாரத்தோட. சரிவுல." பேனாவை எடுத்துக் கடிதத்தின் மேல் வைத்தார். "வேற?"

அந்தப் பேனா இன்னும் ஒரு அங்குலம் நகர்ந்திருந்தால் ஒரு பிள்ளை பரீட்சைக்கு முன் வீட்டைக் காலி செய்யவேண்டி வந்திருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று கக்கத்தில் வைத்திருந்த பழுதுப் புத்தகத்தை எடுத்து, மூன்று பக்கத்தையும் விரித்து வைத்தேன். அவர் வழக்கம்போல நிதானமாக வாசித்தார். இந்தத் தடவை கையில் இருந்தது உண்மையிலேயே வாசிக்கவேண்டிய தாள்.

"பின்னால ஆள் ஏறுறதா?"

"கொழுந்து இறக்க ரெண்டு பேர் ஏறுவாங்க சேர்."

"மூணு மாசம்" என்றார். கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று எழுதச் சொன்னார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நானே டைப் செய்தேன், எழுத்துப் பிழையில்லாமல்.

ஜெயபாலை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றியதற்கு இரண்டு வார்த்தை கடிந்துகொண்டார். "நீ ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"லொறிய வொர்க்ஷொப்புக்கு நாந்தானுங்க எறக்கணும்" என்றான் ஜெயபால். "கிளாக்கரையாவும் கூட வந்தா நல்லாருக்கும்."

துரை என்னைப் பார்த்தார். "போவார்."

மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பிரேக் கட்டை முழுதும் தேய்ந்து அதன் ஆணித் தலை ட்ரம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தது. முடிந்தமட்டும் இறுக்கிவிட்டு, "காலி லொறி, முதல் கியர், நின்னு நின்னு போங்க" என்றார். அவர் மோட்டார்சைக்கிளில் போய்விட்டார்.

நான் முன்சீட்டில். பனிமூட்டம் இறங்கியிருந்தது. நோனா ஒவ்வொரு வளைவிலும் எச்சரித்தாள். அன்று அவள் சொன்னது ஒவ்வொன்றையும் வேதவாக்காகக் கேட்டேன். பெடல் உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் என் வலது காலும் தரையை அழுத்தியது.

"ஐயா, அந்தப் பக்கம் பெடல் இல்லீங்க" என்றான் அவன்.

பீலியடியில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்தான். வாளியை எடுத்து என் கையில் தந்தான்.

"நோட்டீஸ்ல ஊத்தக் கூடாதுன்னு..."

"ட்ரம்மயே மாத்தப் போறாங்க. ஊத்துங்க. எவ்வளவு சூடுன்னு தெரியணுமில்ல."

ஊற்றினேன். ஆவி முகத்தில் அடித்துக் கண்ணாடி மறைந்துபோனது. அவன் சிரித்த மாதிரி இருந்தது, பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை ரிப்போர்ட் வந்தது. சந்தேகத்துக்குரிய நிறுத்தம், நாலு நிமிஷம், கீழ் ரோடு, நானாவின் சாவடி. காரணக் கட்டத்தில் எழுதினேன்: "பின் பிரேக் சூடு. நின்ற இடம் மேல் ரோடு, பீலியடி. தண்ணீர் ஊற்றியவர் போக்குவரத்துக் கிளாக்கர்." கீழே சாட்சி என்று ஒரு கோடு உண்டு. அதை யாரும் நிரப்பியதில்லை. தாளை எடுத்துக்கொண்டு லொறிச் செட்டுக்குப் போய், பேனாவோடு ஜெயபாலிடம் நீட்டினேன்.

அவன் உடனே கையெழுத்துப் போடவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல் வைத்து, கடைசி எழுத்து வரை வாசித்தான். பிறகு போட்டான்.